ஷெல்பியின் நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது?

ஐசக் ஷெல்பி 1750 டிசம்பர் 11 அன்று பிறந்தார். கென்டக்கி மாநிலத்தின் முதல் ஆளுநர் என்பதால், அவரைக் குறித்த வம்சாவளி அட்டவணைகளுக்குப் பஞ்சமே இல்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் அடிக்கடி காணப்படுவது 'வாஷிங்டன் கவுண்டி, மேரிலாந்து'. அந்தக் கவுண்டி உருவானதோ 1776இல். ஐசக் பிறந்த அன்று ஜார்ஜ் வாஷிங்டனுக்கே வயது 18. அவர் பெயரில் ஒரு கவுண்டி அமையும் என்று எந்த ஜோசியரும் சொல்லியிருக்க மாட்டார்.

அட்டவணை எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஹேகர்ஸ்டவுன் நகருக்கு அருகிலுள்ள அந்த இடம் இன்று வாஷிங்டன் கவுண்டியில்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி அந்தக் கவுண்டியின் புத்தகங்களில் 1750ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். அப்போது அந்த மண் ஃபிரெடரிக் கவுண்டியைச் சேர்ந்தது. அந்த ஃபிரெடரிக்கும் 1748இல்தான் பிறந்தது. அதற்கு முன்பு அங்கே நிலம் வாங்கியவர் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் பதிவு செய்திருப்பார். ஒரே பண்ணை, ஒரே கிணறு, முப்பது ஆண்டுகளுக்குள் மூன்று அலுவலகங்கள்.

ஷெல்பி குடும்பத்துக்கு இது வெறும் ஒத்திகை. இவர்கள் மேரிலாந்தை விட்டு மேற்கே போன பிறகு நடந்ததுதான் இந்த ஆய்வின் பொருள்.

அதற்கு முன், கவுண்டி என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம். மாவட்டம் என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தால் அதன் கனம் தெரியாது. பத்திரப்பதிவு அலுவலகம், கீழமை நீதிமன்றம், வரி வசூல் செய்யும் தாலுகா அலுவலகம், திருமண உரிமம் தரும் அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடைத்து, அவற்றின் புத்தகங்களை ஒரே எழுத்தரிடம் ஒப்படைத்தால் எப்படியிருக்குமோ, அதுதான் பதினெட்டாம் நூற்றாண்டு வர்ஜீனியாவின் கவுண்டி நீதிமன்றம். கிரயப் பத்திரம், உயில், அநாதைக் குழந்தைகளுக்குக் காப்பாளர் நியமனம், கடன் வழக்கு எல்லாம் அந்தப் புத்தகங்களில்தான் இருக்கும். குடிப்படை திரட்டப்பட்டதும் கவுண்டிவாரியாகத்தான். ஆகவே ஒருவர் எந்தக் கவுண்டியில் வாழ்ந்தார் என்பது, அவர் வாழ்க்கை எந்த அலமாரியில் இருக்கிறது என்ற கேள்வி.

புதிய கவுண்டி பிரியும்போது பழைய புத்தகங்கள் அதனுடன் போவதில்லை. தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். பிரிந்த நாளிலிருந்து புதிய எழுத்தர் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவார். இது பொது விதி. ஷெல்பிகளின் கதையில் இந்த விதியும் ஒருமுறை உடைகிறது.

ஐசக்கின் தந்தை எவான் ஷெல்பி வேல்ஸில் பிறந்தவர். 1770களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு ஹோல்ஸ்டன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்து, சாப்ளிங் குரோவ் என்ற இடத்தில் கோட்டையும் கடையும் கட்டினார். இன்றைய பிரிஸ்டல் நகரம் நிற்கும் இடம் அது. நடுத்தெருவில் பித்தளைத் தகடுகளைப் பதித்து, ஒரு பக்கம் வர்ஜீனியா, மறுபக்கம் டென்னசி என்று பிரித்து வைத்திருக்கும் நகரம். எவான் வந்தபோது அங்கே தகடும் இல்லை, தெருவும் இல்லை. முக்கியமாக, கோடும் இல்லை.

வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் இடையிலான எல்லையை 1728இல் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி அளக்கத் தொடங்கினார்கள். 1749இல் ஜோஷுவா ஃபிரையும் பீட்டர் ஜெஃபர்சனும் அதை இன்னும் மேற்கே நீட்டி, ஸ்டீப் ராக் கிரீக் என்ற ஓடையோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பீட்டர், பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சனின் தந்தை. சாப்ளிங் குரோவ் அந்த ஓடைக்கும் மேற்கே இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அங்கே அளவைச் சங்கிலி விழவில்லை. எல்லை 36 பாகை 30 கலை அட்சரேகையில் போக வேண்டும் என்று தாளில் இருந்தது. தரையில் அது எங்கே விழுகிறது என்பது யாருக்கும் தெரியாது. ஹோல்ஸ்டன் ஆற்றுக்கு வடக்கே குடியேறியவர்கள் தங்களை வர்ஜீனியாக்காரர்கள் என்றே நம்பினார்கள். வர்ஜீனியாவும் அப்படியே நம்பி அவர்களை ஆண்டது.

எவான் வந்தபோது அந்தப் பகுதி பாட்டடாட் கவுண்டி. 1770இல் அகஸ்டாவிலிருந்து பிரிந்தது. 1772 டிசம்பரில் அதிலிருந்து ஃபின்காசில் கவுண்டி பிரிந்தது. அதன் எல்லைக்குள் இன்றைய தென்மேற்கு வர்ஜீனியாவும் கென்டக்கி முழுவதும் அடங்கின. இவ்வளவு பெரிய கவுண்டி வாழ்ந்தது நான்கே ஆண்டுகள். 1776இன் கடைசி நாளோடு அதைக் கலைத்து, மான்ட்கமரி, வாஷிங்டன், கென்டக்கி என்று மூன்றாகப் பங்கிட்டார்கள்.

முன்பு சொன்ன விதி உடைவது இங்கேதான். தாய்க் கவுண்டியே இறந்துவிட்டதால் புத்தகங்கள் மூன்று பிள்ளைகளில் ஒருவரிடம் போயாக வேண்டும். அவை மான்ட்கமரி கவுண்டிக்குப் போயின. கிறிஸ்டியன்ஸ்பர்க் நகரில் இருக்கின்றன. புதிதாகத் தேடுகிறவர்கள் வேறோர் இடத்தில் விழுவதும் உண்டு. வரைபடத்தில் ஃபின்காசில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அது பாட்டடாட் கவுண்டியின் தலைநகர். ஃபின்காசில் கவுண்டிக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. ஃபின்காசில் கவுண்டியின் நீதிமன்றம் கூடியதோ இன்றைய வைத் கவுண்டியில் இருந்த ஈயச் சுரங்கத்தில். பெயரை நம்பிப் போகிறவர் சுரங்கத்தை விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

குறுகிய ஆயுளால் ஒரு நன்மையும் உண்டு. தேதியில்லாத ஒரு தாளில் 'ஃபின்காசில் கவுண்டி' என்ற சொல் இருந்தால், அது 1772 டிசம்பருக்கும் 1776 டிசம்பருக்கும் இடையில் எழுதப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நான்கு ஆண்டு என்பது நல்ல வலை. எவான் ஷெல்பி 1774 அக்டோபர் 10 அன்று பாயிண்ட் பிளெசன்ட் போரில் ஃபின்காசில் குடிப்படைத் தளபதிகளில் ஒருவராக நின்றார். மகன் ஐசக் அதே அணியில் துணைத் தளபதி. 1775 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசை எதிர்த்து ஃபின்காசில் கவுண்டிக் குழு நிறைவேற்றிய புகழ்பெற்ற தீர்மானத்திலும் எவானின் பெயர் இருக்கிறது. அதே பட்டியலில் டேனியல் ஸ்மித் என்ற பெயரும் இருக்கிறது. இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1777இல் சாப்ளிங் குரோவ், வர்ஜீனியாவின் வாஷிங்டன் கவுண்டிக்குள் வந்தது. நீதிமன்றம் இன்றைய அபிங்டனில். எவான் அதன் குடிப்படைக் கர்னல். 1779இல் ஐசக் அந்தக் கவுண்டியிலிருந்து வர்ஜீனியாவின் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் எல்லையை மேற்கே நீட்டி அளக்க இரண்டு மாநிலங்களும் ஆணையர்களை அனுப்பின. வர்ஜீனியாவின் தரப்பில் டாக்டர் தாமஸ் வாக்கரும், ஃபின்காசில் குழுவில் எவானோடு இருந்த அதே டேனியல் ஸ்மித்தும். அவர்களுக்குக் காவலாகச் சென்ற படையில் மேஜர் பதவி ஐசக் ஷெல்பிக்கு. நியமித்தவர் வர்ஜீனியா ஆளுநராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். தந்தை பீட்டர் நிறுத்திய எல்லைக்கோட்டை மகன் தாமஸ் நீட்டச் சொன்னார் என்பது இங்கே கிடைக்கும் சிறிய வேடிக்கை.

பெரிய வேடிக்கை அடுத்து வந்தது. கோடு போனபோது ஷெல்பியின் வீடு அதற்குத் தெற்கே விழுந்தது. வர்ஜீனியாவின் சட்டமன்ற உறுப்பினர் வட கரோலினாவில் குடியிருந்தார். வட கரோலினா அவரை விடவில்லை. புதிதாக அமைத்த சல்லிவன் கவுண்டியின் குடிப்படைக்கு ஆளுநர் காஸ்வெல் அவரையே கர்னலாக நியமித்தார்.

இந்தக் குடும்பத்தின் நிகழ்வுகளை முதல்முறை வரிசைப்படுத்தியபோது, 1779க்கு நேரே 'வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினாவுக்குக் குடிபெயர்வு' என்று நானே எழுதினேன். பதவி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் வேறு எப்படிப் படிப்பது? பிறகு அந்தக் குடிபெயர்வுக்கு ஆதாரம் தேடினேன். நிலத்தை விற்ற பத்திரம் எது, புதிய நிலத்தை வாங்கிய பத்திரம் எது? கிடைக்கவில்லை. இல்லாத பயணத்துக்கு வண்டிச்சத்த ரசீது எங்கிருந்து வரும்? எல்லைப் பிரச்சினை பதிவுகளைத் தொலைக்கச் செய்வதோடு நிற்பதில்லை. நடக்காத பயணங்களையும் அது உண்டாக்குகிறது. அந்தப் பயணத்துக்குப் பொருத்தமான காரணத்தையும் நாமே கற்பித்துக்கொள்கிறோம்: போருக்குப் பயந்து போனார்கள், நல்ல மண்ணைத் தேடிப் போனார்கள் என்று. அடுத்த தலைமுறை ஆய்வாளர் அதைக் குடும்ப வரலாறு என்று படிப்பார்.

சல்லிவன் கவுண்டியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. என் கணிப்பில் இதுதான் மிக ஆழமானது. கவுண்டிகளின் பிறப்பை வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலையும் பாருங்கள். சல்லிவன், 1779, தாய்க் கவுண்டி வாஷிங்டன் என்று இருக்கும். சரியான தகவல். ஆனால் இந்த வாஷிங்டன் வட கரோலினாவின் வாஷிங்டன். 1777இல் அமைந்தது, இன்று டென்னசியில் இருக்கிறது, தலைநகர் ஜோன்ஸ்பரோ. சட்டப்படி சல்லிவன் அதிலிருந்துதான் வெட்டப்பட்டது. ஆனால் ஹோல்ஸ்டனுக்கு வடக்கே இருந்தவர்கள் அதுவரை கால் வைத்தது வர்ஜீனியாவின் வாஷிங்டன் நீதிமன்றத்தில். வரி கட்டியது அங்கே, வழக்காடியது அங்கே, சாலை வெட்டும் வேலைக்கு ஆள் அனுப்பியதும் அங்கே. பட்டியலை நம்பி ஜோன்ஸ்பரோவில் 1778ஐத் தேடுகிறவர், அபிங்டனில் காத்திருக்கும் பக்கத்தைத் திறக்கவே மாட்டார். இரண்டு கவுண்டிக்கும் ஒரே பெயர் என்பதால், தவறான கதவைத் தட்டுகிறோம் என்ற சந்தேகம்கூட அவருக்கு எழாது.

அந்தப் பெயரின் தொல்லை அத்தோடு முடியவில்லை. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1780 செப்டம்பரில், கிங்ஸ் மவுண்டன் சண்டைக்குப் புறப்பட்ட குடிப்படைகள் சிகமோர் ஷோல்ஸ் என்ற ஆற்றங்கரையில் கூடின. ஐசக் ஷெல்பியோடு சல்லிவன் கவுண்டியினர். ஜான் செவியரோடு வட கரோலினாவின் வாஷிங்டன் கவுண்டியினர். வில்லியம் காம்ப்பெல்லோடு வர்ஜீனியாவின் வாஷிங்டன் கவுண்டியினர். ஒரே திடலில் இரண்டு வாஷிங்டன் படைகள். 'வாஷிங்டன் கவுண்டிக் குடிப்படையில் இருந்தார்' என்ற ஒற்றை வரி ஒருவரைப் பற்றி எதையும் தீர்மானமாகச் சொல்வதில்லை. தளபதியின் பெயர்தான் சொல்லும். வட கரோலினாவில் இன்று வாஷிங்டன் கவுண்டி என்று தேடினால் கிடைப்பது கிழக்குக் கரையோரம் 1799இல் பிறந்த வேறொரு கவுண்டி. அதற்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அரை நூற்றாண்டு கழித்து இதே வீரர்கள் தாங்களே சாட்சி சொன்னார்கள். 1832ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த முதியவர்களிடம் வழக்கமான சில கேள்விகளைக் கேட்டார்கள். சேவைக்கு அழைக்கப்பட்டபோது எங்கே வாழ்ந்தீர்கள், போருக்குப் பிறகு எங்கே வாழ்ந்தீர்கள், இப்போது எங்கே? எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்களின் பதில் இது. சிலர் அன்றைய பெயரைச் சொல்வார்கள், சிலர் இன்றைய பெயரை, சிலர் இரண்டையும் குழைத்து. அந்தப் பதிலில் ஆறு, ஓடை, மலைமுகடு, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஏதாவது வந்தால் கவுண்டிப் பெயரைவிட அதையே நான் நம்புவேன். ஓடையை எந்தச் சட்டமன்றமும் இடம் மாற்றவில்லை.

1779ஆம் ஆண்டு அளவை ஒரு கோட்டில் முடிந்திருந்தால்கூட நிம்மதி. வாக்கருக்கும் வட கரோலினா ஆணையர் ரிச்சர்ட் ஹெண்டர்சனுக்கும் ஒத்துப்போகவில்லை. ஹெண்டர்சன் தரப்பு ஏறத்தாழ இரண்டு மைல் வடக்கே தனிக் கோடு இழுத்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கிடந்த பட்டையில் வாழ்ந்தவர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்தவர்கள், அல்லது எந்தப் பக்கமும் சேராதவர்கள். 1802இல் இரண்டுக்கும் நட்டநடுவில் மூன்றாவது கோடு போட்டார்கள். வழி நெடுக மரங்களில் வைர வடிவில் கோடரியால் கொத்தி அடையாளம் வைத்ததால் அதற்கு வைரக் கோடு என்றே பெயர். அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. 1893இல் உச்ச நீதிமன்றம்தான் அந்தக் கோட்டை உறுதி செய்தது. அந்தப் பட்டையில் ஒரு மூதாதை இருந்தால் இரு மாநில ஆவணங்களையும் முழுதாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சல்லிவன் கவுண்டிக்கு வருவோம். 1784இல் வட கரோலினாவின் மேற்குக் கவுண்டிகள் பிரிந்து, ஃபிராங்க்ளின் என்ற தனி மாநிலத்தை அறிவித்தன. அமெரிக்கக் காங்கிரஸ் அதை ஏற்கவே இல்லை. ஆனாலும் சுமார் நான்கு ஆண்டுகள் அது இயங்கியது, ஆளுநர் செவியர். வட கரோலினாவும் தன் நீதிபதிகளை விலக்கிக்கொள்ளவில்லை. ஒரே கவுண்டியில் இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு எழுத்தர்கள், இரண்டு செரீஃப்கள். திருமண உரிமம் வாங்கப் போகிறவர் யாரிடம் போவார்? வாஷிங்டன் கவுண்டியில் இரு தரப்பினரும் மாறிமாறிப் படையோடு வந்து எதிராளியின் நீதிமன்றக் காகிதங்களைப் பறித்துக்கொண்டு போனார்கள். 1787 மார்ச்சில் வட கரோலினாவின் சார்பில் செவியரோடு பேசிச் சண்டை நிறுத்தம் ஏற்படுத்தியவர் எவான் ஷெல்பி. அந்தக் காலத்துத் திருமணமோ உயிலோ கிடைக்கவில்லை என்றால் அது நடக்கவில்லை என்று பொருளல்ல. பறிபோன காகிதக் கட்டில் இருந்திருக்கலாம்.

1790இல் வட கரோலினா அந்த மண்ணைக் கூட்டரசிடம் ஒப்படைத்தது. தென்மேற்குப் பிரதேசம் என்று பெயரானது. எவான் 1794 டிசம்பரில் இறந்தார். அட்டவணைகளில் இறந்த இடம் டென்னசி. டென்னசி மாநிலமானது 1796 ஜூன் 1. இங்கே வந்த பிறகு அவர் வாழ்ந்த ஆட்சிகளை எண்ணிப் பார்த்தால் வர்ஜீனியாக் காலனி, வர்ஜீனியா மாநிலம், வட கரோலினா, ஃபிராங்க்ளின் என்ற உரிமைக்குரல், மறுபடி வட கரோலினா, தென்மேற்குப் பிரதேசம். கவுண்டிகள் நான்கு. மாட்டுவண்டி கட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

இவ்வளவு குழப்பத்தையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தீர்த்துவைக்கும் என்று நினைத்தால், அதுவும் இல்லை. சல்லிவன் கவுண்டிக்கு 1790, 1800, 1810, 1820 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளின் தாள்களும் பிழைக்கவில்லை. குடும்பத் தலைவர் பெயரோடு கிடைக்கும் முதல் கணக்கெடுப்பு 1830. உள்நாட்டுப் போரில், 1863 செப்டம்பர் 22 அன்று, கவுண்டித் தலைநகரான பிளன்ட்வில்லில் நடந்த சண்டையில் நீதிமன்றமும் எரிந்து பல பதிவுகள் அழிந்தன. தன் கவுண்டியின் புத்தகம் சாம்பலான பிறகு, 'நாம் அப்போது வேறு கவுண்டியில் இருந்தோம்' என்பதே நல்ல செய்தியாக மாறிவிடுகிறது. 1777 முதல் 1779 வரையிலான சாப்ளிங் குரோவ் ஆவணங்கள் எரிந்த கட்டடத்தில் இல்லை, அபிங்டன் பக்கம் இருந்தன. கோடு தாமதமாக வந்ததால் தப்பியவை அவை.

தேடலின் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிகாகோவின் நியூபெரி நூலகம் 1629 முதல் 2000 வரை அமெரிக்கக் கவுண்டி எல்லைகள் மாறியதை நாள்வாரியாகக் காட்டும் வரைபடத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நிகழ்வின் தேதியைக் கொடுத்து, அன்றைய கவுண்டியைக் கண்டுபிடித்து, அந்தக் கவுண்டியின் புத்தகம் இன்று எந்த ஊரில் இருக்கிறது என்று தனியே பார்ப்பேன். இவை மூன்று கேள்விகள். ஒன்றாகக் குழப்பக் கூடாது. வரைபடம் சட்டத்தைச் சொல்லும், மக்கள் எந்த நீதிமன்றத்துக்கு நடந்தார்கள் என்பதைச் சொல்லாது. அட்டவணையில் இடப்பெயர் எழுதும்போது அன்றைய பெயரை முதலில் எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் குறிப்பேன். மென்பொருள்கள் இன்றைய பெயரையே தட்டச்சில் நீட்டும். அந்த உபசாரத்தை மறுக்கப் பழக வேண்டும்.

ஐசக்கின் கடைசிக் கட்டத்துக்கு வருவோம். 1776இல் அவர் கென்டக்கிக் காட்டில் மக்காச்சோளம் விதைத்தார். விதைத்தால் நிலத்துக்கு உரிமை கோரலாம். 1779 அக்டோபரில் செயின்ட் அசாஃப்ஸ் என்ற குடியிருப்பில் வர்ஜீனியாவின் நில ஆணையம் கூடியபோது, அதன் முன் வந்த முதல் கோரிக்கை அந்தச் சோளத்துக்கானது. 1,400 ஏக்கர் வழங்கப்பட்டது. சோளம் விளைந்தது ஃபின்காசில் கவுண்டியில். சான்றிதழ் எழுதியது கென்டக்கிக் கவுண்டியில். அவர் திருமணமாகிக் குடியேறிய 1783இல் அந்த இடம் லிங்கன் கவுண்டி. 1792இல் கென்டக்கி தனி மாநிலமானதும் அவர் பெயரிலேயே ஷெல்பி கவுண்டி அமைந்தது. அவர் அங்கே வாழவில்லை. பிற்காலத்தில் மெம்ஃபிஸ் நகரைச் சுற்றி டென்னசியிலும் ஒரு ஷெல்பி கவுண்டி வந்தது. அங்கேயும் வாழவில்லை. பெயரைப் பார்த்து ஆளைத் தேடிப் போகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அவர் வீட்டுக்கு அருகிலிருந்த டான்வில் நகரம் முதலில் லிங்கனில் இருந்தது, 1786இல் மெர்சருக்குப் போனது, 1842இல் பாயிலுக்குப் போனது. வீட்டின் பக்கம் மட்டும் கோடு வரவில்லை. 1826 ஜூலை 18 அன்று அவர் இறந்தார். தன் நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இறந்த இடம் லிங்கன் கவுண்டி, கென்டக்கி. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். அவருடைய அட்டவணையில் நான் கைவைக்காமல் விட்ட ஒரே கட்டம் அது.